முத்திரை இல்லாத முப்பது பெட்டிகள்

அத்தியாயம் 16

அக்காவின் இடுப்பில் தொங்கும் சாவி எதைத் திறக்கும் என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

அது ஒரு மேசை இழுப்பறையின் சாவி. உள்ளே விரல் நீளத்தில் ஓர் எஃகு அச்சு. அதன் நுனியில் குடும்பத்தின் முதலெழுத்து. தொழிற்கூடத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி முடிந்ததும், மூடியின் மேல் அந்த அச்சை நிறுத்தி சுத்தியலால் ஒரே அடி. அதை அடிக்கும் உரிமை குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும். அப்பா போட்ட சட்டம் அது. அப்பா போய்ப் பதினோரு வருஷமாகியும் அக்கா அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

போன மாதம், பெட்டிக்குள் அடுக்கும் பேட்டரி செல்லைச் செய்யும் ஆலையிலிருந்து கடிதம் வந்ததும், 'இனி என்ன செய்வாள்?' என்று நாமெல்லாம் கவலைப்பட்டோம். 'செல்லுக்கு வேண்டிய கிராஃபைட் பொடி கடலுக்கு அப்பால் துறைமுகத்தில் நிற்கிறது. அந்த நாட்டு அரசு புது அனுமதி கேட்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஆலையை நிறுத்துகிறோம்.' நாலே வரி. குழந்தைகளை ஏற்றிப் போகும் பேட்டரி வண்டிகள் வைத்திருக்கும் பள்ளி வண்டிக்காரருக்கு, வண்டிக்கு ஒன்றாக முப்பது பெட்டி தருவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். கையில் ஒரு செல்கூட இல்லை.

அப்புறம் தம்பி எங்கிருந்தோ சரக்கோடு வந்து நின்றான். "கவலைய விடுக்கா, கெடச்சுடுச்சு" என்றான். பன்னிரண்டு பெட்டிகள் முடிந்தன. அக்கா பன்னிரண்டு அடி அடித்தாள். பெட்டிகளைப் பள்ளி வண்டிகளுக்குக் கொண்டுபோனது தம்பி.

இது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

"அண்ணி, ஒரு நிமிஷம்."

கூப்பிட்டது தம்பியின் மனைவி. வீட்டில் அவளை 'மீட்டர்' என்றுதான் சொல்வார்கள். தம்பி வைத்த பெயர். எதையும் அளக்காமல் நம்பமாட்டாள், பால் உட்பட.

"நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு."

"உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல."

அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியைத் தொடவில்லை. வேலைக்காரர்கள் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மீட்டர் கட்டைவிரல் அளவுள்ள ஒரு செல்லை மேசையில் வைத்தாள். நீல உறை, பளபளவென்று. பிளேடால் ஒரு கீறல் போட்டு உறையை உரித்தாள். நீலத்துக்கு அடியில் பச்சை உறையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சட்டைக்குள்ள சட்டை" என்றாள் மீட்டர். "இப்ப முனையைத் தடவிப் பாருங்க."

அக்கா தடவினாள். விரல் நுனியில் நறநறவென்று உறுத்தியது. பழைய வெல்டிங் புள்ளியை அரத்தால் தேய்த்த தடம்.

"ஏற்கெனவே எங்கயோ ஓடி ஓய்ஞ்ச செல், அண்ணி. பிரிச்சு, தேய்ச்சு, புது உறை மாட்டி வித்திருக்காங்க. மிச்சம் இருந்ததுல நாப்பது எடுத்து ஒன்பது நாளா அலமாரில வெச்சிருந்தேன். சும்மா கிடக்கறப்பவே சார்ஜ் வடியுது. ரெண்டு சூடாவுது."

"சூடாவுதா?"

"கை வெச்சா தெரியற அளவுக்கு."

அக்கா விரலை இழுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டிகளின் மேல் உட்காரப் போவது குழந்தைகள்.

"புது செல்லைப் பதினாலு நாள் வெச்சுப் பாக்காம பெட்டில போடறதில்லையே நாம. நீதானே அளந்து சீட்டுல கையெழுத்துப் போட்டே?"

மீட்டர் பன்னிரண்டு சீட்டுகளையும் வரிசையாகப் பரப்பினாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

"இது என் கையெழுத்து இல்ல. உங்க தம்பியோடது. என் பேரைப் போட்டிருக்கார்."

அக்கா ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. முத்திரை அடித்த அன்றும் அங்கேதான் இருந்தது. தம்பி ஒவ்வொரு சீட்டாக வாசித்தான், இவள் அடித்தாள். வேறு யார் கொண்டுவந்தாலும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படிப்பாள். வீட்டு ஆள் சொன்னதைச் சரிபார்ப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அது அவனை அவமானப்படுத்துவது மாதிரி. அவள் வளர்ந்தது அப்படி. அவனை அவள் வளர்த்ததும் அப்படித்தான்.

பன்னிரண்டு அடி. எல்லாம் இவள் கையால்.

டீ கிளாஸோடு தம்பி உள்ளே வந்தான். ஐம்பது தாண்டியவன், சிரித்த முகம். ஊரில் பாதிப் பேர் அவனுக்குச் சிநேகிதம்.

"என்னக்கா, காலங்காத்தாலயே கோர்ட்டு கூடியிருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. உரித்த செல்லைப் பார்த்தான். பரப்பிய சீட்டுகளைப் பார்த்தான். கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினான்.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்க்கா. மொத்தமா எடுக்கறப்ப..."

"நாப்பதுல நாப்பதும்" என்றாள் மீட்டர்.

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"என் பேரைக் கிறுக்கறப்ப என்னைக் கேட்டீங்களா? இப்ப மட்டும் சும்மா இருக்கணுமா?"

தம்பி முகத்தில் அசடு வழிந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். மடக்கப்பட்டவனுக்கு வரும் கோபம் அவனுக்கும் வந்தது.

"சரிக்கா, தெரிஞ்சுதான் வாங்கினேன். முப்பது வண்டிக்கு வாக்குக் குடுத்தது யாரு? நீ! ஆறு ஆலைக்கு நடந்தேன். எல்லா இடத்துலயும் ஒரே பாட்டு. மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, டப்பா இருக்கு, பொடி இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ்ல யாரோ ஒருத்தன் தாள்ல சீல் குத்தலேன்னா, இங்க உன் சீலுக்கு வேலையே இல்ல. அது தெரியுமா உனக்கு?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியா? இந்த வீட்டுப் பேர்ல?"

"பொய்யா?" தம்பி வாசல் பக்கம் கையை நீட்டினான். "அங்க ஆள் உயரத்துக்குப் போர்டு வெச்சிருக்கியே, 'முழுக்க முழுக்க நம் நாட்டிலேயே செய்தது'ன்னு. பொடி அவங்களோடது. லித்தியம் இன்னொருத்தனோடது. செல்லுக்குள்ள சுத்தற தாள்கூட கப்பல்ல வருது. நம்மளோடதுன்னு சொன்னா டப்பா, மூடி, அப்புறம் உன்னோட அடி. நான் உறைக்குள்ள பொய் வெச்சேன். நீ வாசல்லயே வெச்சிருக்கே!"

தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த துளைக்கருவியை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

அக்கா எழுந்தாள். அவன் கன்னத்தில் ஒன்று விழும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அவனைக் கடந்து வாசலுக்கு நடந்தாள். போர்டை நிமிர்ந்து பார்த்தாள். எழுத்து எழுத்தாகப் பக்கத்தில் நின்று அவள் எழுத வைத்தது. 'முழுக்க' என்று இரண்டு தரம் வரவேண்டும் என்று சொன்னதும் அவள்தான்.

"ஏணி கொண்டாங்க. இதைக் கழட்டுங்க."

தம்பி ஓடி வந்தான். "அக்கா, நான் ஏதோ கோவத்துல..."

"கோவத்துல சொன்னாலும் சரியாத்தான் சொன்னே. நான் தெரியாம வெச்சேன். நீ தெரிஞ்சு வெச்சே. ரெண்டும் ஒண்ணு இல்ல. அதை அப்புறம் பேசிக்கலாம். ஆனா ரெண்டும் இன்னிக்கே இறங்கணும்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வண்டிய எடு. பள்ளி வண்டிக்காரர்கிட்ட போறோம்."

"அங்கயா? அந்த மனுஷன் ஊர் பூரா தம்பட்டம் அடிப்பாருக்கா."

"அடிக்கட்டும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"வெறுங்கையோட போகாதீங்க, அண்ணி" என்றாள் மீட்டர். "பின்னால வாங்க. ஒண்ணு காட்டணும்."

பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. தம்பி அதற்கு வைத்த பெயர் 'பெட்டிக் கல்லறை'. இந்தக் குடும்பத்தின் முத்திரை விழுந்த பெட்டி எதுவும் பழைய இரும்புக் கடையில் குப்பையோடு கிடக்கக்கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். ஓய்ந்த பெட்டிகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கி, எட்டு வருஷமாக இங்கே அடுக்கி வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால், "நம்ம பேர் தெருவுல கிடக்கக்கூடாது" என்பாள். அவ்வளவுதான்.

மீட்டர் உள்ளே போய்ச் சுவரோரம் தொங்கிய துணியை விலக்கினாள். தரையிலிருந்து கூரை வரை மரத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் செல்கள், நெல் நாற்று மாதிரி நெருக்கமாக. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் தேதி, பக்கத்தில் ஓர் எண்.

"என்ன இது?"

"ஒரு பெட்டி ஓய்ஞ்சுபோச்சுன்னா உள்ள எல்லாமே ஓய்ஞ்சதா அர்த்தமில்ல, அண்ணி. பத்து இருபது செல் சோர்ந்துபோய் மத்ததையும் இழுத்துடும். சோர்ந்ததைத் தள்ளிட்டா மிச்சம் நல்லாவே உழைக்கும். ரெண்டு வருஷமா மதியம் சாப்பிட்டதும் இங்க வந்து தினம் ஒரு டஜன் அளந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." விலக்கிய துணியை ஒதுக்கிக் கட்டினாள். "நீங்க கல்லறைப் பக்கம் பூட்டு மட்டும்தானே பாக்க வருவீங்க."

தம்பி ஒரு செல்லை எடுத்துப் புரட்டினான். "அட, இதுவும் பழசு, நான் வாங்கினதும் பழசு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"நீங்க வாங்கினது யார் வண்டில ஓடிச்சு, எத்தனை வருஷம் ஓடிச்சு? தெரியுமா? இது நம்ம பெட்டிலேருந்து வந்தது. இது பொறந்த தேதிகூட என்கிட்ட இருக்கு. பதினாலு நாள் என்ன, சிலது பதினாலு மாசம் தூங்கியிருக்கு. வடியல."

"பழசைப் பழசுன்னு சொல்லிக் குடுக்கப் போறோம்" என்றாள் அக்கா. "அதுதாண்டா வித்தியாசம். எத்தனை பெட்டிக்கு வரும்?"

"ஐயாயிரத்து முன்னூறு இருக்கு. பெட்டிக்கு இருநூத்து நாப்பது. இருபத்திரண்டு பெட்டி. புதுசு மாதிரி தூரம் ஓடாது. காலைல ஒரு நடை, மத்தியானம் சார்ஜ், சாயந்தரம் ஒரு நடை. பள்ளிக்கூட வண்டிக்கு அது போதும்."

வெளியிலிருந்து ஒரு கப்பல் வராமல் நின்றுபோன வேலைக்கு, வீட்டுக் கொல்லையிலேயே இருபத்திரண்டு பெட்டிச் சரக்கு. வீம்புக்குச் சேர்த்தது. அக்கா அந்தத் தட்டுகளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இப்ப போலாம்" என்றாள். மூன்று பேரும் கிளம்பினார்கள்.

பள்ளி வண்டிக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பேச்சும் லாரி மாதிரிதான், தூரத்திலேயே கேட்கும். வண்டிகள் முற்றத்தில் வரிசையாக நின்றன. ஒருவர் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். பூசி மெழுகவில்லை. செல் பழையது, உறை புதியது, சீட்டு பொய், முத்திரை நான் அடித்தது. நாலே வாக்கியம்.

வண்டிக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்மா, உங்க எழுத்தைப் பாத்துட்டுத்தானே நான் மூடியத் தொறக்கவே இல்ல? வேற எவனா இருந்தாலும் அக்கக்காப் பிரிச்சுப் பாத்திருப்பேன். உங்களை நம்பி எம்பேத்திய ஏத்தி ஒரு ரவுண்டு அடிச்சேன், போன ஞாயித்துக்கிழமை!"

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்றதுக்கு இருந்தா சொல்லியிருப்பேன். இன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிடறோம். திங்கக்கிழமை காலைல இருபத்திரண்டு வண்டிக்குப் பெட்டி வரும். எங்களோட பழைய செல். பழசுன்னே எழுதித் தருவோம். மிச்சம் எட்டு எப்பன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. பொடி வர்ற தேதி என் கையில இல்ல. கையில இல்லாததுக்கு இனிமே வாக்குக் குடுக்க மாட்டேன்."

அவர் தாடையைச் சொறிந்தார். கோபம் இறங்கவில்லை. ஆனால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார் என்பது தெரிந்தது.

"எட்டு வண்டியோட பிள்ளைங்களை நான் வாடகை வண்டி புடிச்சு ஏத்திக்கறேன். ஆனா ஒண்ணு. அதுல உங்க முத்திரை வேண்டாம்."

அக்காவின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. அடி வாங்கும்போது அவள் அப்படித்தான் நிமிர்வாள்.

"முத்திரை என்னை ஏமாத்திடுச்சு" என்றார் அவர். மீட்டரைக் கைகாட்டினார். "அளந்தது யாரு? இந்த அம்மாவா? அவங்க ஒவ்வொரு பெட்டி மேலயும் கையெழுத்துப் போடட்டும். என் எதிர்ல."

மீட்டர் அக்காவைப் பார்க்கவில்லை. தம்பி தரையைப் பார்த்தான்.

"போடுவா" என்றாள் அக்கா.

பிறகு மூடிகளைத் திறந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. அடுத்த வண்டி காலி.

"பன்னண்டு எங்கே?"

"எனக்கு வந்தது பதினொண்ணும்மா" என்றார் வண்டிக்காரர். "வேணும்னா பாருங்க, எழுதியே வெச்சிருக்கேன்."

அக்கா திரும்பினாள். தம்பி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானரை.

இறக்கிய பதினொரு பெட்டிகளோடு திரும்பினார்கள். தொழிற்கூடத்தில் கழற்றிய போர்டை இரண்டு டிரம்களின் மேல் கிடத்தி மேசையாக்கியிருந்தார்கள். கொட்டகையிலிருந்து தட்டுகள் வந்து அதன் மேல் இறங்கின. 'நம் நாட்டிலேயே' என்ற எழுத்துகளின் மேல் செல்கள் அணிவகுத்து நின்றன. வெல்டிங் ஆட்கள் யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். வெயில் சாய்வதற்குள் முதல் பெட்டியின் உள்கட்டு தயாராகிவிட்டது.

அக்கா இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினாள். மீட்டருக்கு முன்னால், டெஸ்டர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த முப்பது பெட்டிக்கும் முத்திரை கிடையாது. அவர் கேட்டது நியாயம். ஆனா என்னிக்காவது மறுபடி அடிக்க வேண்டி வந்தா, எதுக்கு அடிக்கறது, எதுக்குக் கூடாதுன்னு நீ சொல்லு. நீயே அடி."

"நான் இந்த வீட்ல பொறந்தவ இல்லையே, அண்ணி."

"பொறந்தவங்க அடிச்ச லட்சணத்தைத்தான் இன்னிக்குப் பாத்தோமே."

மீட்டர் சாவியைத் தொடவில்லை. "ஒரு நிபந்தனை இருக்கு. வீட்டு ஆள் சீட்டையும் படிச்சுட்டுத்தான் அடிப்பேன். அது உங்க சீட்டா இருந்தாலும் சரி."

அக்கா தலையை ஒருமுறை அசைத்தாள். அதற்குப் பிறகுதான் மீட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

தம்பி தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அன்று முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"அக்கா. அந்தப் பன்னண்டாவது..."

"சொல்லு. பெட்டிய எண்ணினதுலேருந்து அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"நகரப் பஸ் கழகத்துக்கு அனுப்பிட்டேன். மாதிரிப் பெட்டியா. இருநூறு சின்ன பஸ்ஸுக்கு பேட்டரி கேக்கறாங்க. முழுக்க உள்நாட்டுச் செல் இருந்தாதான் எடுத்துப்பாங்க. நம்ம ஆளுங்க அத்தனை பேருக்கும் ரெண்டு வருஷ வேலைக்கா. திங்கக்கிழமை பத்து மணிக்கு அவங்க இன்ஜினியருங்க பெட்டியப் பிரிச்சுப் பாக்கறாங்க."

வெல்டிங் ஆட்களின் கைகள் நின்றன. அவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது.

"உள்நாட்டுச் செல்லுன்னு எழுதிக் குடுத்தது யாரு?" அக்காவின் குரலில் ஆச்சரியம் இல்லை. "மறுபடியும் இவ பேரா?"

"இல்லக்கா." தம்பி எச்சில் விழுங்கினான். "உன் பேரு. நீயே போட்ட கையெழுத்து. அன்னிக்குப் பத்து காகிதத்தோட சேத்து நீட்டினேன். நீ படிக்கல."

அக்கா போர்டு மேசையில் உதிர்ந்து கிடந்த ஒரு செல்லை நிமிர்த்தி வரிசையில் வைத்தாள்.

"பத்து மணின்னா ஒன்பதரைக்கு நாம அங்க இருக்கணும். மூடிய அவங்க தொறக்கக்கூடாது. நான் தொறக்கறேன்."

"வேலை போயிடும்க்கா. திரும்ப நம்மளக் கூப்பிடவே மாட்டாங்க."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். பொடி எங்கேருந்து வருதுன்னு அந்த இன்ஜினியருங்களுக்கு மட்டும் தெரியாதா என்ன? யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் அவங்களும் உக்காந்திருப்பாங்க." கையை நீட்டினாள். "அந்தக் காகிதத்தோட நகல் வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"கொண்டா."

கொண்டுவந்தான். அக்கா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தாள். காகிதத்தை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தாள். மீட்டரும் வெல்டிங் ஆட்களும் காத்திருக்க, தம்பி எதிரில் நிற்க, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.